தெல்தெனியாவில் விட்ட பூ

எனக்கு எழுத வராது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். வார்த்தை முன்னும் பின்னும் கிடந்தால் நேர் பண்ணி வாசித்துக்கொள்ளுங்கள். மறதியும் கூடிவிட்டது. காலையில் மாத்திரை போட்டேனா என்று மத்தியானம் மகளுக்குப் போன் எடுத்துக் கேட்கிற ஆள் நான். ஆனால் இது நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதனால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பல்லேகலயில் மகள் வீட்டில் இருக்கிறேன். அவள் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள். நான் சமைத்து வைப்பேன், கண்டி மார்க்கெட்டுக்குப் போய் வருவேன். அதைத் தாண்டி எங்கும் தனியாகப் போனதில்லை. பஸ்ஸில் கொண்டக்டரிடம் மிச்சம் கேட்கவே எனக்கு வாய் வராது.

என் சிநேகிதியும் நானும் கலகாப் பக்கம் ஒரே தோட்டத்தில், ஒரே லய வீட்டு வரிசையில், அடுத்தடுத்த காம்பராவில் பிறந்தவர்கள். அவளுக்குத் தாய் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. தகப்பன் மட்டும்தான். பதினெட்டு வயதில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு இந்தியா போகிற கடதாசி வந்துவிட்டது, அவள் தகப்பனுக்கு வரவில்லை. கண்டி ஸ்டேஷனில் கோச்சி ஏற்றிவிட நானும் போயிருந்தேன். அந்தக் கோச்சியை அழுகைக் கோச்சி என்றுதான் அப்போது எல்லாரும் சொல்வார்கள். அவள் தகப்பன் கோச்சி நகர்ந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். அவர் நடை அப்படி. பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போதுகூடக் கடைசி ஆளாகத்தான் வருவார், கங்காணியிடம் ஏச்சு வாங்குவார்.

அவர் இங்கேயே தனியாகக் காலமானார். புதைத்த இடத்தில் பிறகு தேயிலை நட்டுவிட்டார்கள். எந்த நிரை என்று எனக்கே காட்டத் தெரியாது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் மகள்தான் போனில் தேடி அவளைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். நீலகிரிப் பக்கம் இருக்கிறாள், அங்கேயும் தேயிலைதான். குரலைக் கேட்டதும் இரண்டு பேரும் அழுதோம், பிறகு சிரித்தோம். கொஞ்ச நாள் போய் ஒரு காரியம் கேட்டாள்.

"எனக்கும் எங்கப்பாவுக்கும் நடுவுல கெடந்தது கடல்தானே புள்ள. இந்தக் கரையில, ராமேஸ்வரத்துல, ஒரு தடவ போயி விட்டுட்டேன். அவரு இருந்த கரையில நீ விடு. ஆடி அமாவாசைக்கு ஒரு பிடி எள்ளு, ரெண்டு பூவு. வேற ஒண்ணும் வேணாம்."

"சரி புள்ள" என்றேன். நான் யாரிடமும் இல்லை என்று சொல்லிப் பழகாதவள்.

அமாவாசை வந்தது. கடலுக்குப் போக ஐந்தாறு மணி நேரம் வேண்டும். மகளுக்கு அரை நாள்தான் லீவு கிடைத்தது. "அம்மா, தெல்தெனியாவுக்குப் போவோம். அங்கேயும் தண்ணிதானே" என்றாள். மகாவலியை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம் அங்கே இருக்கிறது. எதிர்க்கரை மங்கலாகத்தான் தெரியும், காற்று அடித்தால் சின்னதாக அலைகூட வரும். கரையோரம் ஒரு கல்லில் நின்று எள்ளும் பூவும் விட்டேன். மகள் போனில் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினாள்.

பத்து நிமிஷத்தில் அவள் குரல் வந்தது. "ஐயோ புள்ள, எங்கப்பா கரைக் கடலப் பார்த்துட்டேன்! கப்பலு ஏறுறப்பக்கூட நான் அதப் பார்க்கல. பலகையில கால் வழுக்கிருமோன்னு கீழயே பார்த்துக்கிட்டுப் போனவ. இப்பத்தான் பார்க்குறேன்."

நான் கடல் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

அடுத்த ஆடிக்கு, "அதே கல்லுல நின்னு எடு" என்றாள். அதற்கடுத்த ஆடிக்கும் அதே. ஆறு ஆடி போய்விட்டது. அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுத் தகப்பன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி விளக்கு வைக்கிறேன் என்று சொன்ன அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தப் பங்குனியில் அவளே வந்துவிட்டாள். கதிர்காமம் வருகிற ஒரு கூட்டத்தோடு வந்து, ஐந்து நாள் என்னோடு இருக்கப் பிரிந்து வந்தாள். உடம்பு பெருத்திருந்தாள், பல் நாலு இல்லை, சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு. கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்து முடிக்கவில்லை, "உன் கல்லக் காட்டு புள்ள, என் கையால ஒரு தடவ விட்டுட்டுப் போறேன்" என்றாள்.

அவள் குளிக்கப் போனதும் மகள் குசினிக்குள் வந்தாள்.

"அம்மா, இப்பவே சொல்லிருங்க. நாளைக்குத் தெல்தெனியாவுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க."

"நீ சொல்லேன்."

"நான் ஏன் சொல்லணும்? பூ விட்டது யாரு, நானா?"

சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைவிடத் திருகோணமலைக்கே போய்விடலாம் என்று நினைத்தேன். அவ்வளவு பெரிய கடலில் அந்த மாதிரி ஒரு கல் இல்லாமலா போய்விடும்?

கண்டி மார்க்கெட்டில் ஒரு முதலாளியிடம் வெகு காலமாகக் கருவாடு வாங்குகிறேன். அவருடைய மச்சான் திருகோணமலையில் கடலுக்குப் போகிறவர். மறுநாள் காலை அவரிடம் போய், கரையில் என்னென்ன எந்தெந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்றேன். அவர் மச்சானுக்குப் போன் எடுத்து, அவர் சொல்லச் சொல்ல, கடைக்கு வந்தவர்களும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். நான் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். வலது பக்கம் கோயில் பாறை. இடது பக்கம் மான். இப்படி ஒரு பக்கம் நிறைய எழுதினேன்.

"என்னம்மா இவ்வளவு வெவரம்? வலை போடவா போறீங்க?" என்று முதலாளி கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கால் கிலோ நெத்தலி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் திருகோணமலை பஸ் ஏறினோம். மகளுக்கு லீவு இல்லை. நான் தனியாக ஒரு ஆளைக் கூட்டிப் போவது பிறந்து அதுதான் முதல் தடவை. தம்புள்ளை தாண்டியதும் நிலம் தட்டையாகிவிட்டது. சிநேகிதி யன்னலில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"மலையே இல்லாம இவங்க எப்படிப் புள்ள வீட்டுக்குப் போற வழியக் கண்டுபிடிக்கிறாங்க?"

"கேட்டுக் கேட்டுப் போவாங்க."

"நீ எப்படிப் போவ? நீதான் கேக்கவே மாட்டியே."

அவள் கண்ணயர்ந்தபோது நான் தாளை எடுத்துப் பாடம் பண்ணினேன்.

கோயிலுக்கு வருகிறவர்கள் தங்கும் மடம் ஒன்றில் அறை கிடைத்தது. விடிந்ததும் கடற்கரைக்குப் போனோம். நான் அப்போதுதான் கடலைக் கிட்டப் பார்க்கிறேன், ஆனால் அதை முகத்தில் காட்டக் கூடாதே. அலை பெரிதாக இல்லை. வெயில் பட்டுத் தண்ணீர் முழுக்க உடைத்த கண்ணாடி மாதிரிக் கிடந்தது. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள், கோயிலுக்குள் நுழைவது போல. தண்ணீர் காலில் பட்டதும் "அம்மாடி" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

நான் பாடத்தை ஆரம்பித்தேன். "அந்தா வலது பக்கம் பாரு, கோயில் பாறை."

வலது பக்கம் பார்த்தாள். அங்கே கடைகளும் கரண்ட் கம்பங்களும்தான் இருந்தன. இடது பக்கம் கடலுக்குள் யானை படுத்த மாதிரி ஒரு பெரிய பாறை, மேலே கோபுரம்.

"அது என்னா புள்ள, இந்தப் பக்கம்?"

"அது... அதுவும் ஒரு பாறைதான்."

"சரி. இந்த ஊருல மான் தெருவுல திரியுமாமே?"

"இடது பக்கம் நிக்கும்."

இடது பக்கம் ஒரு நாய் படுத்திருந்தது. வலது பக்கத்திலிருந்து நாலு மான் வந்து, யாரோ சாப்பிட்டுப் போட்ட சோற்றுப் பார்சல் கடதாசியை இழுத்தன. சிநேகிதி மணலில் உட்கார்ந்து சிரித்தாள். "ஆறு வருஷமா வந்து போறவளுக்குச் சோத்தாங்கை பீச்சாங்கை தெரியலயே!"

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்த மச்சான் கடலில் நின்று கரையைப் பார்க்கிற ஆள். வள்ளத்திலிருந்து பார்த்தால் எது வலதோ அதைத்தான் வலது என்று சொல்லியிருக்கிறார். நான் கரையில் நின்று கடலைப் பார்த்தேன்.

பிறகு ஒரு த்ரீவீலர் பேசினோம். ஓட்டுகிறவர் கிண்ணியாக்காரர், தொப்பி போட்டவர், நாற்பது வயது இருக்கும். "கரையெல்லாம் சுத்திக் காட்டுறன், ஏறுங்கம்மா" என்றார். மேட்டில் நிறுத்தித் துறைமுகத்தைக் காட்டினார். மலை சூழ்ந்து, கப்பல்கள் அசையாமல் நின்றன. தெப்பக்குளத்தில் வாத்து நிற்கிற மாதிரி இருக்கிறது என்று சிநேகிதி சொன்னாள். வெள்ளை மணல் நீளமாகப் போகிற ஒரு கரைக்கும் கொண்டுபோனார். அங்கே இரண்டு பேரும் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு முழங்கால் வரைக்கும் நனைந்தோம். பொய்யை மறந்து நான் இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

இறங்கிய இடத்திலெல்லாம் அவள் போனை எடுத்து அந்தப் படத்தைப் பார்ப்பாள். "இது இல்ல. உன் கல்லுல ஒரு பக்கம் வெள்ளையா உப்புப் பூத்திருக்கும்" என்பாள். என் கல்லை என்னைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது.

மூன்றாவது இடத்தில் கரையெல்லாம் பாறை. ஒரு கல் அச்சு அசல் அதே மாதிரி, தட்டையாக, தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு இருந்தது. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுதானே புள்ள?"

நான் தலையாட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அவள் பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தாள். தன் வீட்டுப் பின்பக்கம் விதைத்து எடுத்த எள்ளாம், இதற்கென்றே கொண்டுவந்திருக்கிறாள். முடிச்சை அவிழ்த்து, கல்லில் ஏறி நின்று, கடலைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

"அப்பா, வந்துட்டேன்ப்பா. இத்தன வருஷமும் இவ கையால..."

"இல்ல புள்ள" என்றேன்.

என் சத்தம் எனக்கே வேறு யாரோ பேசுவது போல இருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இது இல்ல. கடலே இல்ல. தெல்தெனியாவுல ஒரு கொளம், மகாவலித் தண்ணி. ஆறு வருஷமும் அங்கதான் விட்டேன். நான் கடலப் பார்க்குறதே இன்னைக்குத்தான்."

அவள் கல்லிலிருந்து இறங்கினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப எங்கப்பாவுக்கு ஒண்ணுமே வந்து சேரலயா? கடல் பக்கம் வந்து நின்னு, வரும் வரும்னு பார்த்துக்கிட்டே இருந்திருப்பாரா?"

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் ஏசவில்லை. எள்ளைத் திரும்ப முடிந்து பையில் போட்டாள். "இப்பத்தான் உண்மை தெரிஞ்சிருக்கு. இந்த மனசோட விடக்கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் த்ரீவீலரில் ஏறி, ஓரமாக உட்கார்ந்து, பையை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. "மூதூர்ப் பக்கம் போவமா? கிண்ணியாப் பாலம் பார்க்காமப் போகப்படா" என்றார்.

"போங்க" என்றாள். பேசாமல் இருக்க அவளுக்கும் ஒரு சாட்டு வேண்டியிருந்தது போல.

கிண்ணியாப் பாலம் நீளமானது. இரண்டு பக்கமும் தண்ணீர், அங்கங்கே வலை கட்டிய கம்புகள், கம்புக்கு ஒரு நீர்க்காகம். வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரும் கத்தி ரசித்திருப்போம். நான் பையின் வாரையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு கடையில் நிறுத்திப் பிளேன்டீ குடித்தோம். அவள் என் பக்கம் பார்க்காமலே கருப்பட்டித் துண்டை உடைத்துப் பாதியை என் கோப்பைப் பக்கம் தள்ளினாள். கோபத்தில் இருந்தாலும் அவள் பங்கு வைப்பாள், சின்ன வயதிலேயே அப்படித்தான்.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் வேறொரு பாலம் வந்தது. கீழே கடல் நீலம் இல்லை. செம்மண் கலந்த ஆற்றுத் தண்ணீர், அகலமாக, அவசரம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுகிறவர் வேகத்தைக் குறைத்தார்.

"இது கங்கப் பாலம், அம்மா. கீழ ஓடுறது மகாவலி கங்க. உங்கட கண்டித் தண்ணிதான் இது. இந்தா, இந்தப் பக்கம் போய்க் கடல்ல உழுகுது."

சிநேகிதி முன்னால் சாய்ந்தாள். "நிப்பாட்டுங்க தம்பி."

பாலம் தாண்டி ஓரமாக நிறுத்தினார்.

"கண்டியில ஓடுதே, அந்த ஆறா?"

"அதே ஆறுதான்."

"தெல்தெனியாத் தண்ணியும் இதுல வருமா?"

"எனக்கு அந்த ஊரெல்லாம் தெரியாதும்மா. மலையில மழை பெஞ்சா இஞ்ச தண்ணி கூடும், அது தெரியும். ஒருக்கா வெள்ளத்துல ஒரு கொழுந்துக் கூடை வந்திச்சு, தேயிலை பறிப்பாங்களே, அந்தக் கூடை. எங்கட உம்மா எடுத்துக் கோழி கவுத்துறதுக்கு வெச்சிரிக்கா. இப்பவும் இரிக்கி."

சிநேகிதி என்னைப் பார்த்தாள். கல்லுக்குப் பிறகு அப்போதுதான் என் முகத்தைப் பார்க்கிறாள். அவள் வாய் கோணியது, அழப் போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் சிரிப்பு வந்தது.

"எங்கப்பா பெரட்டுக்கே கடைசி ஆளாத்தானே வருவாரு."

"ஸ்டேஷனுக்கும் கோச்சி போன பின்னாடிதான் வந்தாரு" என்றேன்.

"நேரா கடலுக்கு வந்திருந்தாத்தான் ஆச்சரியம். ஆறு வருஷமா வந்துக்கிட்டே இருந்திருப்பாரு மனுசன். வழியில நின்னு நின்னு, வெத்தல போட்டு..." சொல்லிக்கொண்டே மூக்கைச் சிந்தினாள்.

பாலத்துக்குக் கீழே இறங்க ஒரு ஒற்றையடிப் பாதை இருந்தது. ஓட்டுகிறவர் முன்னால் நடந்து முள்ளை ஒதுக்கிவிட்டு, தள்ளிப் போய் எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார். பூ வாங்கி வரவில்லை. கரையோரம் மஞ்சளாக ஏதோ பூத்திருந்தது, அதைப் பறித்தோம். அவள் முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையில் எள்ளைக் கொட்டிக்கொண்டு, மற்றக் கையால் என் கையை இழுத்து அடியில் வைத்துக்கொண்டாள்.

"நீயும் பிடி. அங்கருந்து அனுப்பினவ நீ. நான் வந்து எடுக்குறவ."

எள் கொஞ்ச தூரம் சேர்ந்தே போனது, பிறகு பிரிந்தது. பூ மட்டும் தெரிந்தது. அதுவும் கடல் பக்கமாக, அவர் நடையில், மெதுவாகத்தான் போனது.

திரும்பும்போது பையைக் காலடியில் வைத்துக்கொண்டாள். மான் எந்தக் கைப் பக்கம் என்று வழியெல்லாம் என்னைக் கேட்டுக் கேலி பண்ணினாள். அன்றைக்கே பஸ் ஏறி இரவு வீடு வந்ததும், வாங்கி வைத்திருந்த நெத்தலியில் மகள் பிரட்டல் வைத்தாள், மூன்று பேரும் சட்டியை வழித்துச் சாப்பிட்டோம்.

போவதற்கு முதல் நாள், "இப்ப நெசக் கல்லக் காட்டு" என்றாள். தெல்தெனியாவுக்குக் கூட்டிப் போனேன். அங்கே எனக்கு எந்தத் தாளும் தேவைப்படவில்லை. கல்லில் ஒரு அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார். சிநேகிதி குனிந்து ஒரு பக்கம் பூத்திருந்த அந்த வெள்ளையை விரலால் சுரண்டி மோந்து பார்த்தாள்.

"அடியே, இது உப்பு இல்ல. சவுக்காரம்! ஆறு வருஷமா சவுக்காரக் கட்டிக்கு நான் வெளக்குக் காட்டியிருக்கேன்!"

அவள் சிரித்த சிரிப்பில் துணி துவைத்த அம்மா பயந்து பக்கத்துக் கல்லுக்கு மாறிவிட்டார். மிச்சம் வைத்திருந்த எள்ளை அங்கேயும் கொஞ்சம் விட்டாள். நான் படம் எடுத்தேன். அவள் தலை பாதிதான் விழுந்தது. அதுவே போதும் என்றாள். ஊருக்குப் போய்ப் பழைய படத்தை எடுக்காமல் அதற்குப் பக்கத்திலேயே இதையும் மாட்டியிருக்கிறாள்.

அவள் போன பிறகு மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அம்மா, தெல்தெனியா அணைக்கு மேலதானே இருக்கு? தண்ணியை மறிச்சுத்தானே வச்சிருக்காங்க? அதுக்குக் கீழயும் அணை இருக்காம். நீங்க விட்ட பூ எப்படி அந்தப் பக்கம் போகும்?" என்றாள். அவள் குறையாகச் சொல்லவில்லை, மனதில் பட்டதைச் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து எனக்கும் அதே யோசனைதான். பூ தங்கினாலும் தண்ணீர் போகுமே என்று நினைக்கிறேன். கரண்ட் எடுக்கத் திறந்துவிடுவார்கள் என்கிறார்கள். திறந்தால் எங்கே போகும், எத்தனை நாள் எடுக்கும் என்று எனக்குத் தெரியாது.

அதனால் இதை வாசிக்கிறவர்களில் படித்தவர்கள், ஆறு அணை பற்றித் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், நான் எழுதியது சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள். கோயில் பாறை கரையிலிருந்து எந்தக் கைப் பக்கம் என்பதையும் பாருங்கள், அதில் எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லை. முக்கியமாக, தெல்தெனியாவில் விடுகிற தண்ணீர் கங்கைப் பாலத்துக்கு வந்து சேருமா என்று பாருங்கள். ஆடி அமாவாசை கிட்ட வருகிறது. சேராது என்றாலும் மறைக்காமல் எனக்குச் சொல்லுங்கள். அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.